கடுகுக்கு மேலே, மிளகுக்குக் கீழே... கள்ளிச்செடி கேட்ட மண்!

ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த ஒரு காலை. உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி போனில் அழைத்தார்.

"சார், ஆனி மாசம் உங்ககிட்டக் கேட்டுத்தான் கள்ளிச்செடிக்கு மண்ணு கலந்தேன். எழுவது செடிக்கு மேல அழுகிப்போச்சு சார். என்ன தப்புப் பண்ணேன்னு தெரியல" என்றார்.

குரலில் கோபம் இல்லை. 'நான் என்ன தப்புப் பண்ணேன்' என்றுதான் கேட்டார். அதுதான் என்னை உறுத்தியது.

ஆனி மாதம் அவருக்கு நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு. முப்பது வருடமாக ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் இதையேதான் சொல்லி வருகிறேன். யாரும் குறை சொன்னதில்லை. கள்ளிக்கும் அதையே சொல்லிவிட்டேன். இத்தனைக்கும் நான் ஒரு கள்ளிச்செடியைக்கூடத் தொட்டியில் வளர்த்துப் பார்த்தது கிடையாது. "நேர்ல வந்து பாக்குறேம்மா" என்று சொல்லி, மறுநாளே வண்டியை எடுத்துவிட்டேன்.

மலையடிவாரத்தில் ஒரு பாடம்

மதுரை காளவாசலிலிருந்து தேனி ரோட்டில் போனால், நாகமலைப் புதுக்கோட்டைக்கு முன்பே கீழக்குயில்குடிக்கு ரோடு பிரியும். அங்கேதான் சமணர் மலை. அடிவாரத்தில் ஆலமரமும் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் இருக்கின்றன. பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. ஆயிரம் வருடங்களுக்கு மேலான சிற்பங்கள் இவை. மதுரைக்காரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள்.

நான் அன்று சிற்பம் பார்க்கப் போகவில்லை. சதை பிடித்த, தண்ணீரை உடம்பில் சேமிக்கும் செடிகள் தானாக எந்த மண்ணில் நிற்கின்றன என்று பார்க்கவே ஏறினேன்.

பாதி வழியில் பாறையில் இரண்டு சின்னப் பள்ளங்கள். இரண்டுக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. ஒரே பாறை, ஒரே மழை, ஒரே வெயில். முதல் பள்ளத்தில் தண்ணீர் வெளியேற வழியில்லை. மேலேயிருந்து வந்த வண்டல் அதில் படிந்து சேறாக இருந்தது. அதில் கோரை முளைத்திருந்தது. இரண்டாவது பள்ளம் ஒரு பக்கம் விரிசல் விட்டது. மழை அலசி அலசி நுண்ணிய மண்ணையெல்லாம் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது பாறை உதிர்ந்த சரளை மட்டும். அதில் கள்ளிமுளையான் கொத்தாக நின்றது. ஆடு மேய்க்கிறவர்கள் பசிக்கும் தாகத்துக்கும் ஒடித்து மெல்லுவார்களே, அதே செடி.

அந்தச் சரளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது. விரல் நுனியில் லேசான ஈரம் இருந்தது, ஆனால் ஒட்டவில்லை. பிசுபிசுப்பு இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று இருந்தது. மண் என்று சொல்ல அங்கே ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆனாலும் செடி தெம்பாக இருந்தது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். இங்கிருந்து செடியையோ சரளையையோ எடுத்து வரக் கூடாது. பார்க்க மட்டும்தான் போக வேண்டும்.

கள்ளி எல்லாம் ஒரே கள்ளி இல்லை

மலையிலிருந்து இறங்கிச் செக்கானூரணி தாண்டிப் போகும்போது, ஒரு தோட்டத்து வேலியோரம் சப்பாத்திக்கள்ளி நின்றது. சின்ன வயதில் அதன் பழத்தை மண்ணில் தேய்த்து முள் நீக்கித் தின்று, வாயெல்லாம் சிவப்பாக வீட்டுக்குப் போய் அடி வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர்.

நம் ஊரில் 'கள்ளி' என்று சொல்வதில் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் இருக்கின்றன. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி இவையெல்லாம் ஆமணக்குக் குடும்பம். ஒடித்தால் பால் வரும். சப்பாத்திக்கள்ளியும், இப்போது தொட்டியில் விற்கிற குட்டிக் கள்ளிகளும், டிராகன் பழக் கொடியும் 'காக்டஸ்' குடும்பம். இவற்றின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்.

சப்பாத்திக்கள்ளி நம் நாட்டில் இவ்வளவு பரவியதற்கும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் சிவப்புச் சாயம் எடுக்கக் கொச்சினீல் என்ற பூச்சியைக் கள்ளியில் வளர்ப்பார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி இதில் ஆசைப்பட்டது. சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. ஆனால், வந்தது நல்ல சாயம் தரும் இனம் இல்லை, வேறு இனம். சாயத் தொழில் படுத்துவிட்டது. அந்தப் பூச்சியோ ஒரு வகைக் கள்ளியைத் தின்றே அழித்தது. பிறகு வேறொரு கள்ளி தென்மாவட்டங்களில் நிலத்தை அடைத்துக்கொண்டது. அதைக் கட்டுப்படுத்த 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். களையைப் பூச்சி வைத்து ஒழிப்பதில் உலகத்துக்கே முன்னோடியாகச் சொல்லப்படுவது, முதலில் வந்த பூச்சி கள்ளியை அழித்த அந்த நிகழ்வுதான்.

நம் தாத்தாக்கள் வெட்டியும் எரித்தும் ஒழிக்கப் பாடுபட்ட செடியின் சொந்தக்காரன்தான், இன்று தொட்டியில் வைத்தால் அழுகிப்போகிறது. மண்ணில் போட்டால் சாகாத குடும்பம், தொட்டியில் போட்டால் ஏன் சாகிறது? இந்தக் கேள்வியோடுதான் அந்த ஊருக்குள் நுழைந்தேன்.

71 செடி... 3,905 ரூபாய்

ஓட்டு வீடு. பக்கத்தில் பாதி கட்டி நிற்கிற ஒரு சமையல்கட்டு. முற்றத்தில் நிழல்வலை கட்டியிருந்தார்கள். வாசலில் இருந்த மாமியார், "வாங்கய்யா... இம்புட்டுத் தூரம் வரணுமா?" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

கணவர் ரிக் லாரியில் வேலைக்குப் போகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். இந்தப் பெண்மணி மகளிர் குழுவில் 10,000 ரூபாய் கடன் வாங்கி, ஒரு மொத்த விற்பனை நர்சரியில் செடி ஒன்று 55 ரூபாய் என்று 120 குட்டிக் கள்ளிகள் வாங்கியிருக்கிறார். மூன்று அங்குலத் தொட்டிக்கு மாற்றி 120 ரூபாய்க்கு விற்கலாம் என்பது கணக்கு. மழைக்கு முன்பு 18 செடி விற்றும்விட்டது. மீதி 102.

நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். செத்தது மொத்தம் 72. அதில் 71 செடி நான் சொன்ன கலவையில் இருந்தவை. செடி விலை மட்டும் 3,905 ரூபாய். குழுவுக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டும்.

"இதைப் பாருங்க சார்" என்று மூலையில் ஒரு வரிசையைக் காட்டினார். 14 தொட்டி. அதில் 13 செடி நன்றாக இருந்தது. அதே வலைக்கடியில், அதே மழையில் நனைந்தவைதான்.

"இதுக்கு என்னம்மா மண்ணு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "நீங்க சொன்ன மண்ணு தீந்துபோச்சு சார். செம்மண்ணு அள்ள ஆள் இல்ல. சமையக்கட்டுக்கு வந்த செங்கல்லுல உடைஞ்சது கெடந்துச்சு. அதைத் தட்டி, அடுப்புக்கரியும் கொஞ்சம் எருவும் போட்டு வெச்சேன். பத்து நாள் கழிச்சு வெச்சது. நீங்க திட்டுவீங்கனுதான் போன்ல சொல்லல."

எனக்குப் பதில் வரவில்லை. என் சொல்லைக் கேட்டு வைத்தது செத்தது. கேட்காமல் வைத்தது பிழைத்தது.

ஏன் அழுகியது?

அழுகிய செடி ஒன்றைத் தொட்டியோடு கவிழ்த்தேன். அடிப்பாதி மண் களிபோல இருந்தது. வேர் பழுப்பாக, தொட்டால் தோல் உரிந்துவந்தது. அதற்குள்ளே, நர்சரியிலிருந்து வந்த தென்னை நார்க்கழிவு உருண்டை அப்படியே இருந்தது. பிழிந்தால் தண்ணீர் வந்தது. மழை நின்று மூன்று நாள் ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். ரோஜாச் செடி பகல் முழுவதும் இலை வழியாகத் தண்ணீரை வெளியே விடும். ஆகவே தொட்டி மண்ணை அதுவே உறிஞ்சிக் காயவைத்துவிடும். கள்ளி அப்படி இல்லை. பகலில் துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்துதான் காற்று வாங்கும். தண்ணீரை மிகக் குறைவாகத்தான் செலவழிக்கும். ஆகவே, கள்ளித்தொட்டி மண்ணைச் செடி காயவைக்காது. மண்ணேதான் தானாகக் காய வேண்டும். ரோஜாவுக்கு நல்ல மண், கள்ளிக்குச் சதுப்பு நிலம் ஆவது இப்படித்தான்.

அடுத்தது தொட்டியின் அடி. அவர் ஒவ்வொரு தொட்டியிலும் அடியில் ஒரு அங்குலம் ஜல்லி போட்டிருந்தார். தண்ணீர் வடியட்டும் என்று நாமெல்லோரும் சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால், நுண்ணிய மண்ணுக்குக் கீழே ஜல்லி இருந்தால், மண் முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்கு இறங்கும். ஆக, ஜல்லிக்கு மேலே ஒரு ஈரப் பட்டை நிரந்தரமாக நின்றுவிடும். சின்னத் தொட்டியில் அந்தப் பட்டைதான் வேர் இருக்கும் இடம்.

அவருடைய மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளிடம் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் ஒன்று வாங்கி, தண்ணீரில் முக்கிக் கையில் படுக்கை வாக்கில் பிடித்தேன். சொட்டுவது நின்றது. அதையே செங்குத்தாக நிமிர்த்தினேன். மறுபடியும் தண்ணீர் ஒழுகியது. "உயரம் அதிகமானா தண்ணி அதிகமா வடியுது சார்" என்று அவளே சொல்லிவிட்டாள். ஈரப் பட்டையின் உயரம் கலவையைப் பொறுத்தது. தொட்டியைப் பொறுத்தது இல்லை. ஆழமான தொட்டியில் அது அடியோடு நின்றுவிடும். குட்டித் தொட்டியில் பாதித் தொட்டியை அது பிடித்துக்கொள்ளும். தொட்டி சின்னதாக ஆக ஆக, கலவை பெரும்பருக்கையாக இருக்க வேண்டும். அடியில் ஜல்லி வேண்டாம். துளையை ஒரு ஓட்டுச் சில்லாலோ வலைத்துண்டாலோ மூடினால் போதும்.

நார் உருண்டையா, மண்ணா?

பிழைத்த 13 செடியைச் செங்கல் மட்டும் காப்பாற்றியது என்று சொல்லிவிட முடியாது. பத்து நாள் காத்திருந்ததில் நார் உருண்டை காய்ந்து, நடும்போது உதிர்ந்துவிட்டதாக அவர் சொன்னார். ஆக, இரண்டு மாற்றம் நடந்திருக்கிறது. எது காரணம்?

என் கைக்காசில் 16 செடி வாங்கிக் கொடுத்தேன். நான்கு நான்காகப் பிரித்தோம். பழைய கலவையில் நார் உருண்டையோடு 4, உருண்டை நீக்கி 4. செங்கல் கலவையில் உருண்டையோடு 4, நீக்கி 4. வெயில், மழை, தண்ணீர் எல்லாம் ஒன்றுபோல. கார்த்திகை முழுக்க அவரும் மகளும் பார்த்துக் குறித்தார்கள். மார்கழியில் வந்த கணக்கு: பழைய கலவை, உருண்டையோடு வைத்ததில் 3 அழுகியது. உருண்டை நீக்கியதில் 2. செங்கல் கலவை, உருண்டையோடு வைத்ததில் 1. உருண்டை நீக்கியதில் ஒன்றும் அழுகவில்லை.

பதினாறு செடியை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாதுதான். ஆனால், இரண்டுமே கெடுதல், இரண்டும் சேர்ந்தால் அதிகக் கெடுதல் என்பது தெரிகிறது.

கலவை இதுதான்

அளவுக்கு டம்ளரோ டப்பாவோ எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

• செங்கல் சல்லி - 3 பங்கு
• சலித்துக் கழுவிய எம்-சாண்ட் பெரும்பருக்கை அல்லது பொடி ஜல்லி - 2 பங்கு
• உடைத்த அடுப்புக்கரி - 1 பங்கு
• நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது இலைமக்கு - 1 பங்கு
• செம்மண் - 1 பங்கு

ஒரு வாளிக் கலவைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்குத் தூள் சேர்க்கலாம்.

செங்கல், ஜல்லி, கரி மூன்றுக்கும் பருக்கை அளவுதான் முக்கியம். அந்தப் பெண்மணி ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "கடுகுக்கு மேல, மிளகுக்குக் கீழ." கடுகைவிடச் சிறியதைச் சலித்துத் தள்ளிவிட வேண்டும். மிளகைவிடப் பெரியதை மறுபடி தட்ட வேண்டும். தூளை நீக்காமல் போட்டால் அது இடைவெளியை அடைத்துவிடும். செய்த வேலை வீண். தட்டும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். செங்கல் தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

செங்கல் சல்லி தண்ணீரைத் தனக்குள் கொஞ்சம் பிடித்துவைத்து மெதுவாக விடும். ஆனால் சல்லிக்கு நடுவே காற்று இருக்கும். ஜல்லி தண்ணீர் பிடிக்காது, இடைவெளி தரும். நர்சரிகளில் பெர்லைட், பியூமிஸ் என்று விற்பதும் இதே வேலைக்குத்தான். வாங்க வசதியிருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் உடைந்த செங்கல் போதும். வெர்மிகுலைட் வேண்டாம், அது தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

சிமென்ட், சுண்ணாம்பு ஒட்டிய கட்டட இடிபாடு வேண்டாம். அது காரத்தன்மையை ஏற்றிவிடும். கடல் மணல் வேண்டாம், உப்பு. ஆற்று மணலைத் தேடி அலையவும் வேண்டாம். அதில் நயம் மணல் இதற்கு உதவவே உதவாது.

உச்சியில் சிவப்பு, மஞ்சள் உருண்டை ஒட்டிய கள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்ண உருண்டையில் பச்சையம் கிடையாது. கீழே இருக்கிற முப்பட்டைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. அந்தத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் இனம். மரத்தில் ஏறி வளர்வது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் மக்கு பிடிக்கும். ஆகவே, மக்கை 2 பங்காக்கிக்கொள்ளலாம். இந்த ஒட்டுச் செடி சில வருடங்கள்தான் இருக்கும். வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்லியே விற்பது நல்லது.

கலவை சரியா என்று பார்ப்பது எப்படி?

நனைத்த கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். கொழுக்கட்டைபோல நின்றால் தவறு. உதிர வேண்டும். அடுத்து, தொட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தேங்காமல் உடனே உள்ளே போய், சில நொடிகளில் அடியில் வர வேண்டும். மூன்று, நான்கு நாளில் உள்ளே குத்திப் பார்த்த ஈர்க்குச்சி ஈரமில்லாமல் வர வேண்டும்.

நடும்போது நார் உருண்டையை விரலால் மெதுவாக உதிர்த்து எடுங்கள். வேர் கொஞ்சம் அறுந்தால் பரவாயில்லை. ஆனால், நட்டவுடன் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஐந்து முதல் ஏழு நாள் காயம் ஆறட்டும். தொட்டி, செடியைவிட அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் சின்னச் செடி வைத்தால், வேர் இல்லாத இடத்தில் ஈரம் நிற்கும். பிறகு, மண் முழுவதும் காய்ந்தபின் அடியில் வடியும்வரை ஊற்றி, மறுபடி காயவிட வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். நிழல்வலை வெயிலைத்தான் தடுக்கும், மழையைத் தடுக்காது.

தை மாதக் கணக்கு

தை பிறந்து மறுபடி ஒருமுறை போயிருந்தேன். பிழைத்த செடிகளையெல்லாம் கலவை மாற்றியிருந்தார். மிச்சமிருந்த பணத்தில் 30 செடி புதிதாக வாங்கி வைத்திருக்கிறார். முன்பு போல 120 இல்லை. "முதல்ல இது நிக்கட்டும் சார்" என்றார். தவணையில் ஒரு மாதம் பாக்கி. ஆட்டுக்குட்டி ஒன்றை விற்று மற்றதைக் கட்டியிருக்கிறார். நான் சொன்ன ஒரு வரிப் பதிலுக்கு அந்த வீடு கொடுத்த விலை அது.

கிளம்பும்போது, "என்மேல வருத்தம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"வருத்தமெல்லாம் இல்ல சார். அடுத்து யாராச்சும் கேட்டா, நீங்க வெச்சுப் பாத்தீங்களானு யோசிச்சுட்டுச் சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

இப்போது என் வீட்டு மாடிப்படியில் நான்கு கள்ளித்தொட்டி இருக்கிறது. செங்கல்லை நானே தட்டி, நானே சலித்தேன்.